கோட்டை ஒன்று, சாவி நாலு பேரிடம்

என் அம்மா 34 வருஷம் கோட்டைக்குப் போய் வந்தவள். சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற அந்த ஆபீசைத் தலைமைச் செயலகம் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. “கோட்டைக்கு நேரமாச்சு”, “கோட்டையில இன்னைக்கு ஃபைல் நகரவே இல்ல”, இப்படித்தான். மூன்றாம் வகுப்பில் டீச்சர் “உங்கம்மா எங்க வேலை பார்க்கறாங்க?” என்று கேட்டபோது “கோட்டையில” என்றேன். வகுப்பே சிரித்தது. 1976-ல் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, 2010 மே மாதம் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றாள். அப்போது ஓய்வு வயது 58. பிறகு அதை 60 ஆக்கிவிட்டார்கள் என்பதில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

கொஞ்ச நாள் முன்னால், ரசம் சாதத்துக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “ஒரு தடவை கோட்டைக்குப் போய்ட்டு வரணும்டி. அந்த மியூசியத்த நான் பார்த்ததே இல்ல.”

34 வருஷம். மியூசியம் அவள் தினமும் நடந்துபோன வழியில்தான் இருக்கிறது.

“எங்க நேரம்? பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். மத்தியானம் சாப்பிட அரை மணி. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு விட்டா ஓடிப்போய் வண்டியப் பிடிக்கணும். நடுவுல துரைமார் படத்த யாரு போய்ப் பார்க்கறது?”

சரி, இதில் என்ன இருக்கிறது, ஒரு நாள் கிளம்பிப் போனால் முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு விடுமுறை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரத்தில் வண்டி ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து, ராஜாஜி சாலைப் பக்கத்து வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே நின்றுகொண்டு அம்மா நிதானமாகச் சொன்னாள்: “இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. மியூசியம் லீவாச்சே.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன. வெள்ளிக்கிழமைன்னா பள்ளிக்கூடப் பசங்க வந்த பஸ்ஸு நிக்காது.”

“வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலையே.”

தப்பு என்னுடையதுதான். வெள்ளி விடுமுறை என்பது யாரும் ஒளித்துவைத்த ரகசியமில்லை. திரும்பும்போது கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து சமாதானமானேன். ஆனால் வண்டியில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. கோயிலுக்குப் போவதுபோல, கடற்கரைக்குப் போவதுபோல இந்த இடத்துக்குப் போக முடியாது. சுற்றுச்சுவரும் துப்பாக்கி பிடித்த காவலும் உள்ள ஓர் இடத்துக்குப் போவதானால், உள்ளே எதைப் பார்ப்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம். யாருடைய கதவைத் தட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.

கோட்டை விஷயத்தில் இது கொஞ்சம் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மதில், ஒரே அகழி, ஒரே கொடிமரம். உள்ளே நாலு வீட்டுக்காரர்கள். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் மாநில அரசின் கையில். மியூசியம், கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவ் இருந்த வீடு, பழைய மதில்கள் எல்லாம் மத்திய அரசின் தொல்லியல் துறையிடம். ஒரு பகுதி ராணுவத்திடம். செயின்ட் மேரீஸ் தேவாலயம் சபையிடம். ஒருத்தருடைய அனுமதி இன்னொருத்தர் வாசலில் செல்லாது. மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்தால் போதும், யாரையும் சிபாரிசுக்குப் பிடிக்கவேண்டியதில்லை. அந்த டிக்கெட்டைக் காட்டிச் செயலகத்துக்குள் கால் வைக்க முடியாது. ராணுவப் பகுதிக்கு நமக்கு வேலையே இல்லை. தேவாலயம் வழிபாட்டு இடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் செருப்புச் சத்தத்தோடு சுற்றிப் பார்க்கப் போவது மரியாதையில்லை.

இதை அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நாலு பேருன்னு இப்பத்தான் தெரியுமா? எங்க ஜன்னல் பக்கம் ஒரு மரக்கிளை விழுந்துச்சு. அத யாரு எடுக்கணும்னு மூணு மாசம் லெட்டர் போச்சு.”

அப்போதுதான் அவளுடைய இன்னொரு ஆசை வெளியே வந்தது. மியூசியத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நாமக்கல் கவிஞர் மாளிகைக்குப் போய், எட்டாவது மாடியில் தன் பழைய செக்‌ஷனையும் எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும். பத்து மாடிக் கட்டடம் அது. கோட்டைக்குள் இருக்கிற பழைய வெள்ளைக் கட்டடங்களுக்கு நடுவில், கல்யாண வீட்டில் பேன்ட் சட்டையோடு வந்து நிற்கிற ஆள் மாதிரி நிற்கும். கடைசிப் பத்து வருஷம் அவள் அங்கேதான் இருந்தாள்.

அங்கே போவதென்றால் அது வேறு கதை. பார்வையாளர் சீட்டு வாங்கவேண்டும். யாரைப் பார்க்கப் போகிறோம், எதற்கு என்று சொல்லவேண்டும், அடையாள அட்டை காட்டவேண்டும். உள்ளே இருப்பவர் ‘அனுப்புங்கள்’ என்றால்தான் நகர முடியும். இதெல்லாம் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்ன, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளேயிருந்து தெரிந்தது. இன்டர்காம் அடிக்கும், கீழே ஒருத்தர் உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறார் என்பார்கள், அவள் ‘வரச் சொல்லுங்க’ என்பாள் அல்லது ‘சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொல்லுங்க’ என்பாள். அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரை கீழே நிற்கிறவரின் நிலை என்ன என்று அவள் பார்த்ததில்லை.

வேலையாக அங்கே போகிறவர்களுக்கு அவள் சொல்கிற யோசனை ஒன்று உண்டு. தெருவில் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் ஒப்பிப்பாள். எந்தத் துறை, அதில் எந்தப் பிரிவு, கோப்பு எண் என்ன. இந்த மூன்றும் தெரியாமல் கோட்டை வாசலை மிதிக்காதே. “என் ஃபைல் இங்கதான் எங்கயோ இருக்காம்” என்று வந்து நிற்பவரை யாராலும் காப்பாற்ற முடியாது. கையில் கடித நகல் ஒன்று இருந்தால் அதன் தலையிலேயே பாதி விவரம் இருக்கும். மனு கொடுக்க மட்டும்தான் போகிறாய் என்றால் போகவே வேண்டாம், முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஆன்லைனில் அனுப்பலாம், 1100-க்கு போன் போடலாம், மனு எண்ணை மட்டும் பத்திரமாகக் குறித்துவைத்துக்கொள். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் பட்டா விஷயமாகச் சேலத்திலிருந்து வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பினார். அம்மா பாதி வழியில் தடுத்து, அது தாலுகா ஆபீஸ் வேலை என்று சொல்லி, அவரைத் திருப்பி அனுப்பினாள். பயணக் காசு மிச்சம்.

ஆனால் தன் விஷயத்தில் சீட்டு வாங்கவேண்டும் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

“காரணம்னு என்ன எழுதறது? ‘என் நாற்காலியப் பார்க்க’ன்னு எழுதவா?”

அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் இப்போது அங்கே அண்டர் செக்ரட்டரி. அவருக்கு ஒரு போன் போட்டால் நொடியில் ஏற்பாடு செய்துவிடுவார். நான் போட்டும் விட்டேன். அவர் சந்தோஷமாக “மேடத்த நேரா கூட்டிட்டு வாங்க” என்றார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. “34 வருஷம் நான் பாஸ் வாங்கி உள்ள போனதில்ல. இப்ப மட்டும் எதுக்கு? மியூசியம் போதும்.” அதற்குமேல் நான் பேசவில்லை.

இரண்டாவது தடவை ஒரு தேதி குறித்தோம். காலையில் பேப்பரைப் பார்த்தால் சட்டமன்றம் கூடுகிறது. சட்டமன்றம் நடக்கிற நாளில் அந்தப் பக்கம் போவது, முகூர்த்த நாளில் தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் பொட்டு வாங்கப் போவது மாதிரி. போலீஸ், மந்திரி கார்கள், கட்சிக்காரர்கள், டி.வி. வண்டிகள். தடையொன்றும் இல்லை என்றாலும் முட்டிவலிக்காரியை அங்கே நிற்கவைக்க எனக்குத் தைரியமில்லை. தள்ளிப்போட்டோம். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாட்களும் இதே மாதிரிதான், கொத்தளத்தில் கொடியேற்ற ஒத்திகை நடக்கும். முதலமைச்சர்கள் அங்கே ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றும் வழக்கம் 1974-ல் கருணாநிதி கேட்டு வாங்கிய உரிமை. அதற்கு முன் கவர்னர்கள்தான் ஏற்றினார்கள். அம்மா வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது. ஆனாலும் ஏதோ தானே அந்தக் கோப்பை டைப் அடித்ததுபோலப் பெருமையாகச் சொல்வாள்.

மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி அம்மாவின் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். நீங்கள் யாராவது அம்மா, பாட்டியோடு இப்படி ஓர் இடத்துக்குப் போவதாக இருந்தால், இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். வாசலில் பத்து பேர் பின்னால் நிற்கும்போது செய்ய நேர்ந்தால் மானம் போகும். விழுந்தவை: கொய்யா நறுக்க ஒரு மடக்குக் கத்தி, நகவெட்டி, சின்னக் கத்தரி, சாமி விளக்குக்கென்று ஒரு தீப்பெட்டி, ஊசி குத்திய நூல்கண்டு, சேஃப்டி பின் கொத்து, அமிர்தாஞ்சன், மூன்று கோயில் விபூதிப் பொட்டலம், பேருந்து டிக்கெட்டுகள், எப்போதோ நின்றுபோன ஒரு கைக்கடிகாரம். கத்தி, கத்தரி, தீப்பெட்டி மூன்றையும் அலமாரியில் வைத்தேன். கொய்யாவை அங்கே எப்படி நறுக்குவது என்று கேட்டாள். கொய்யாவே வேண்டாம் என்றேன்.

அடியில் ஒரு நீலநிற பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் ஓய்வூதியப் புத்தகம். எடுத்து மேஜையில் வைத்ததும் அவள் கையை நீட்டித் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை பார்த்தபோது கழுத்தில் மாட்டிய அட்டையை ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோட்டைக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்ட மிச்சம் இருக்கிற காகிதம் அது ஒன்றுதான். ஆதார் அட்டையை அசல் எடுத்துவைத்தேனா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் அவளுடைய முட்டி. இரண்டு காலிலும் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, உள்ளே உலோகம். எந்த மாலுக்குப் போனாலும், விமான நிலையத்துக்குப் போனாலும், வாசலில் நிற்கிற மெட்டல் டிடெக்டர் சட்டத்தைத் தாண்டும்போது கீச்சென்று கத்தும். அவளுக்கு அது அவமானம், ஏதோ திருடிவிட்டதுபோல. டாக்டர் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மடித்து வைத்துக்கொண்டோம். சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே “முட்டியில பிளேட் இருக்கு” என்று சொல்லிவிடுவது நல்லது. கத்தின பிறகு சொன்னால் அது விளக்கம் மாதிரி ஆகிவிடுகிறது.

பல்லாவரம் ஸ்டேஷனில் அவளுக்கு வழக்கமான இடம் ஒன்று உண்டு. பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மீட்டர் கேஜ் காலத்தில் ஓர் இடம், பிராட் கேஜ் ஆன பிறகு நாலடி தள்ளி இன்னோர் இடம். அன்றைக்கும் சரியாக அங்கேதான் நின்றோம். பத்து மணி ஆபீஸ் கூட்டம் போன பிறகு வந்த வண்டி என்பதால் உட்கார இடம் கிடைத்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. “இப்படிக் காலியாப் போனா கோட்டைக்குப் போற மாதிரியே இல்ல.”

வாசலில் பெண்களுக்குத் தனி வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண், கையில் ரோலாகச் சுருட்டிய மனு, கூட ஒரு சின்னப் பையன். அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பெண் காவலர் வாங்கித் திறந்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு மூடிக் கொடுத்தார். எதற்கென்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. மனு கொடுத்து ஓய்ந்தவர்கள் மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்த கதைகளை நாம் எல்லோரும் பேப்பரில் படித்திருக்கிறோம். கலெக்டர் ஆபீஸ்களில் திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் இப்படித்தான் ஒவ்வொரு பாட்டிலாக முகர்கிறார்கள். அந்தப் பையன் அம்மாவிடமிருந்து பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தான்.

எங்கள் முறை. நான் முட்டி விஷயத்தைச் சொன்னேன். காவலர் கைக்கருவியால் மேலிருந்து கீழே தடவினார். இரண்டு முட்டியிலும் ஒழுங்காகக் கத்தியது.

“எங்க போறீங்க பாட்டி?”

“எட்டாவது மாடி,” என்றாள் அம்மா.

யோசித்துச் சொன்னதில்லை அது. வாய் தானாகச் சொன்னது. காவலர் என்னைப் பார்த்தார். “மியூசியத்துக்குங்க” என்றேன். அம்மா பைக்குள் கைவிட்டு நீல உறையை எடுத்து நீட்டினாள். காவலர் புத்தகத்தைப் பிரித்து, போட்டோவைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, “இது வேணாம்மா, ஆதார் இருந்தா காட்டுங்க” என்றார். பாட்டி அம்மாவாகியிருந்ததை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருப்பாள்.

உள்ளே போனதும் போனை எடுத்து, நாமக்கல் கவிஞர் மாளிகை பின்னால் தெரிகிற மாதிரி அம்மாவை ஒரு படம் எடுக்கப் பார்த்தேன். தூரத்தில் நின்ற காவலர் ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே வைத்துவிட்டேன். செயலகம், ராணுவக் கட்டடம், வாசல் காவல் எதையும் படம் எடுக்க நினைக்காதீர்கள். எடுத்து என்ன செய்யப்போகிறோம்.

மியூசியக் கட்டடம் 1795-ல் கட்டியது. வியாபாரிகள் கூடி விலை பேசுகிற இடமாக இருந்திருக்கிறது. 1948-ல் மியூசியமாகத் திறந்தார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இதன் மொட்டை மாடியில்தான் 1796-ல் எரிந்தது, எண்ணெய்த் திரி விளக்கு. அப்புறம் அது 1844-ல் இன்றைய ஹைகோர்ட் வளாகத்தில் ஒரு கல் தூணுக்குப் போனது, 1894-ல் ஹைகோர்ட் கோபுரத்துக்கு ஏறியது, 1977-ல் மெரினாவுக்குப் போய் உட்கார்ந்தது. “ரிடையர் ஆகிறவரைக்கும் நாலு போஸ்டிங்” என்றாள் அம்மா.

அவளுக்கு எல்லாமே அந்தக் கணக்கில்தான். சட்டமன்றக் கட்டடத்து முகப்பில் இருக்கிற கறுப்புத் தூண்களின் கதையைச் சொன்னேன். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவற்றைப் பிடுங்கிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்த பிறகு, 1761-ல் திரும்ப வந்தன. “பதினஞ்சு வருஷம் டிரான்ஸ்ஃபர்ல போட்டிருக்கான். டி.ஏ. குடுத்தானா?” அந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பல்லாவரமும் பரங்கிமலையும் அந்தப் பாறைக்குப் பெயர் போன இடங்கள் என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. “அப்ப தூணும் நானும் ஒரே ஸ்டேஷன்ல ஏறின ஆளுங்க.” 2010-ல் செயலகத்தையும் சட்டமன்றத்தையும் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷமே ஆட்சி மாறி, எல்லாம் கோட்டைக்கே திரும்பி வந்தது. புதுக் கட்டடம் 2014-ல் ஆஸ்பத்திரி ஆனது. அம்மா தன் ஓய்வுக்கு முந்தைய இரண்டு மாதமும் கோப்புகளைக் கட்டுக் கட்டித்தான் கழித்தாள். தூணின் கஷ்டம் அவளுக்குப் புரிந்ததில் ஆச்சரியமில்லை.

கீழ்த்தளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் நிற்கிறார். பெரிய பளிங்குச் சிலை. பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பையன்களைப் பிணையாக ஒப்படைக்கிற காட்சி செதுக்கியிருக்கிறது. 1792-ல் நடந்தது. சிலையை முழுதாகப் பார்க்கக் கழுத்தை மேலே வளைக்கவேண்டும், பையன்களைப் பார்க்கக் குனியவேண்டும். அம்மா குனிந்து நிறைய நேரம் பார்த்தாள். சின்னவனின் கையை யாரோ பிடித்திருக்கிறார்கள். இந்தச் சிலை முதலில் பரேடு மைதானத்தில் நின்றது என்று படித்திருந்தேன். “பரேடு மைதானமா? அங்கதான் கார் நிறுத்துவாங்க. அந்த வெயில்ல டிரைவருங்க பேப்பர விரிச்சு சீட்டாடிட்டு இருப்பாங்க.” துரையைவிட டிரைவர்களைப் பற்றி அவளிடம் கதை அதிகம்.

மாடிப்படி அவளுக்குச் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். அவசரப்படுத்தாமல் பின்னால் நின்றேன். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போட வேண்டாம். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதில் கால்வாசி நேரம் படியில்.

நாங்கள் முக்கியமாகப் பார்க்க வந்தது கொடி. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை 5.05 மணிக்குக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய மூவர்ணக் கொடி. 12 அடிக்கு 8 அடி, பட்டு. மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிக்குள் விரித்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் பட்டு போய்விடும். உள்ளே நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. கண் பழகப் பழக நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. காவியாக இல்லை, பச்சையாகவும் இல்லை, பழைய கூறைப்புடவையை மடிப்புப் பிரித்தால் தெரிகிற மங்கின நிறம். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு, “அஞ்சு மணிக்கெல்லாம் முதல் வண்டியில வந்தாக்கூடப் பார்த்திருக்க முடியாது, ராத்திரியே வந்து கிடந்திருப்பாங்க” என்றாள். அங்கேயும் அவளுக்கு வண்டி நேரம்தான்.

தேவாலயத்துக்கு நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். 1680-ல் கட்டி முடித்தது. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று கூரையை வளைவாக, கனமாகக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் சென்னையின் கவர்னரான எலிஹு யேல் அங்கே கல்யாணம் செய்துகொண்டார், 1753-ல் ராபர்ட் கிளைவும். வெளியே முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள் தரையாகப் பதித்திருக்கிறது. லத்தீன், போர்ச்சுக்கீசியம், அர்மீனியம் என்று எழுத்து மாறிக்கொண்டே போகும். ஆனால் அந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. கல்லறைகள் இருந்தது இன்றைய சட்டக் கல்லூரி இருக்கிற பக்கம். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட்டதால், இனிமேல் அப்படி நடக்கக்கூடாது என்று கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக என்று இன்றைக்கு வாசலில் கேட்கிற வார்த்தை, செத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

பக்கத்து ஹைகோர்ட்டிலும் இதே மாதிரி ஒரு வேடிக்கை உண்டு. வருஷத்தில் ஒரு நாள், எல்லா கேட்டையும் பூட்டிவிடுவார்கள். யாரும் உள்ளே போக முடியாது. நாளைக்கு யாராவது இது எங்கள் பொது வழி, காலங்காலமாக நடந்துபோகிறோம் என்று உரிமை கொண்டாடிவிடக்கூடாது என்பதற்காக. நடந்து நடந்தே ஓர் இடம் நம்முடையதாகிவிடும் என்று கோர்ட்டுக்கே பயம் இருக்கிறது.

மியூசியத்துக்கு வெளியே மரத்தடித் திண்ணை ஒன்றில் உட்கார்ந்தோம். அம்மா எலுமிச்சை சாதத்தைத் திறந்தாள். எவர்சில்வர் டப்பாவை ஸ்கேனரில் இரண்டு முறை பார்த்துத்தான் விட்டிருந்தார்கள். மணி ஐந்து நாற்பது. நான் போன் செய்து சொல்லியிருந்ததால் அந்த அண்டர் செக்ரட்டரி கொஞ்சம் முன்னதாகவே இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த தலை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. இருபதடி தூரத்திலேயே “மேடம்!” என்றார்.

அம்மா டப்பாவை மூடிவிட்டு எழுந்து நின்றாள். முட்டி வலி இல்லாதவள்போல, ஒரே மூச்சில்.

“வாங்க மேடம், ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போங்க. நான் சொல்றேன், விட்டுடுவாங்க.”

“வேணாம்மா. என் நாற்காலில யாரு?”

“நாற்காலியே இல்ல மேடம். எல்லாம் கேபினா மாத்திட்டாங்க. ஃபைலெல்லாம் கம்ப்யூட்டர்லயே போகுது. ஆனா நீங்க வெச்ச அந்த மணிபிளான்ட் இருக்கு. பாட்டில்லேர்ந்து எடுத்து தொட்டில வெச்சிட்டோம்.”

அம்மா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் யார் ரிடையர் ஆனது, யார் தவறிப்போனது என்று கணக்கெடுத்தார்கள். அதற்குள் ஆபீஸ் விட்டுவிட்டது. கைப்பை, சாப்பாட்டுக் கூடை, ஹெல்மெட் என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேற ஆரம்பித்தார்கள். அண்டர் செக்ரட்டரி விடைபெற்றுத் திரும்பியதும் அம்மா ஸ்டேஷன் பக்கம் போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். நான் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடவேண்டியிருந்தது. வாசலில் காலையில் இருந்த அதே காவலர். வெளியே போகிறவர்களை யாரும் நிறுத்துவதில்லை. அம்மா அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், தினமும் பார்க்கிற ஆளைப் பார்த்து அசைப்பதுபோல. அவரும் அசைத்தார்.

பெண்கள் பெட்டி நிரம்பி வழிந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்த ஒரு பெண் நகர்ந்து, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடம் செய்து கொடுத்தாள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க எந்த செக்‌ஷன் மேடம்? பார்த்ததில்லையே?”

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது வண்டி மாம்பலம் தாண்டிவிட்டது.